முதல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுங்கள்: ‘ஃபால்அவுட் 2’ கேள்வி - பதில்

2024 ஏப்ரலில் ‘ஃபால்அவுட்’ தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு, அதன் வேரைத் தேடிப் பழைய கணினி விளையாட்டுகளுக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘ஃபால்அவுட் 2’ பற்றியவை. அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியாவில் நடக்கும் கதை, 1998-இல் வெளியானது, அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘ஃபால்அவுட்’டின் இரண்டாம் பாகம். கதையின் பிற்பகுதி தெரிய வேண்டாம் என்பவர்கள் கடைசி நான்கு கேள்விகளைப் படிக்காமல் விட்டுவிடலாம்.

முதல் பாகத்தை இப்போதுதான் முடித்தேன். அபாரம். ஆனால் இரண்டாம் பாகம் ‘பெருசு, ஆனா கோமாளித்தனம்’ என்கிறான் நண்பன். உண்மையா?

பாதி உண்மை. முதல் பாகம் 1997 அக்டோபர், இரண்டாவது 1998 அக்டோபர். ஒரே வருட இடைவெளி. ஆட்டத்தை இயக்கும் மென்பொருளான எஞ்சின் அதே, படங்களில் பெரும்பகுதி அதே. முதல் பாகத்தை உருவாக்கியவர்களில் முக்கியமான மூவர் டிம் கெய்ன், லெனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன். இரண்டாம் பாகத்தின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இன்டர்ப்ளே நிறுவனத்தை விட்டு விலகி, ட்ரொய்கா கேம்ஸ் என்று தனியாகத் தொடங்கிவிட்டார்கள். மீதமிருந்த, இன்டர்ப்ளேயின் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் குழு ஊர்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு வேலையை முடித்தது. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு குரலில் பேசுவது அதனால்தான். வால்ட் சிட்டி அரசியல் நாடகம். நியூ ரீனோ நான்கு தாதா குடும்பங்களின் சூதாட்ட நகரம். சான் ஃபிரான்சிஸ்கோவோ குங்ஃபூ படமும் போலிச் சாமியார் மடமும் கலந்த அவியல்.

கோமாளித்தனம் என்று நண்பர் சொல்வது எதை என்று புரிகிறது. பேசும் செடி, சதுரங்கம் ஆடும் தேள், டென் ஊரில் ஒரு பேய், பாலைவனத்தில் திடீரென எதிர்ப்படும் ஆர்தர் அரசரின் வீரர்கள். முதல் பாகத்தில் இந்த மாதிரிச் சேட்டை எங்கோ ஓரிடத்தில் எட்டிப் பார்க்கும். இங்கே வழிமறித்து நிற்கிறது. அமெரிக்கப் படமும் தொடரும் நிறையப் பார்க்காதவர்களுக்குப் பாதி நகைச்சுவை எதைக் குத்துகிறது என்றே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் மூன்றாவது முறை சிரிப்பு வராது. இழந்த இன்னொரு விஷயம் பதற்றம். முதல் பாகத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவிக்கான சில்லைக் (வாட்டர் சிப்) கண்டுபிடிக்க 150 நாள்தான் கெடு. இதில் 13 வருடம். கெடு இருப்பதே பலருக்குத் தெரியாமல் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டாம் பாகத்தின் பக்கத்தில்கூட முதல் பாகம் வர முடியாது: ஓர் ஊரில் நீங்கள் செய்யும் காரியம் அடுத்த ஊரைப் போய்த் தொடுவது. கெக்கோ என்ற ஊரின் அணு மின் நிலையத்தையே பாருங்கள். கதிர்வீச்சில் உடல் அழுகியும் சாகாத கூல்கள் அதை ஓட்டுகிறார்கள். அங்கிருந்து கசிவது பக்கத்திலுள்ள வால்ட் சிட்டியின் நிலத்தடி நீரில் கலக்கிறது. வால்ட் சிட்டி சுத்தமான ஊர், மருத்துவம் உண்டு, சட்டம் உண்டு. வீட்டு வேலைக்கு ‘பணியாளர்’ என்று பெயர் சூட்டிய அடிமைகளும் உண்டு. அதன் தலைவி லினெட்டுக்குத் தொல்லை ஒரேயடியாகத் தீர வேண்டும், எப்படி என்பது பற்றிக் கவலையில்லை. அதே மன்றத்தில் இருக்கும் மெக்லூர், பழுது பார்க்கலாமே என்கிறார். நிலையத்தை நீங்கள் வெடிக்க வைக்கலாம், உதிரிபாகம் வாங்கிக் கொடுத்துச் சரி செய்யலாம், அதற்கும் மேலே போய் அதன் திறனைக் கூட்டி இரண்டு ஊருக்கும் மின்சாரம் பயன்படும்படி செய்யலாம். எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை இழக்கிறார். ஆட்டத்தின் இறுதியில் ஒவ்வொரு ஊரும் என்ன ஆனது என்று காட்டும்போது, நல்லது செய்ததாக நினைத்த இடத்தில் சுருக்கென்று குத்தும்.

எங்கள் தீர்ப்பு: இறுக்கமான ஆட்டம் முதலாவது. திரும்பத் திரும்ப ஆடத் தக்கது இரண்டாவது.

முதல் கதாபாத்திரத்தை உருவாக்கும் இடத்திலேயே குழம்பி நிற்கிறேன். எந்தப் புள்ளியை எதில் போடுவது?

பாதியில் ஆட்டத்தைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பது எதிரியிடம் அல்ல, இந்தத் திரையிடம்தான். ஏழு குணங்கள், மொத்தம் 40 புள்ளி. ‘கிஃப்டட்’ என்ற பிறவிக்குணத்தை எடுத்தால் எல்லாவற்றிலும் ஒன்று கூடி 47 ஆகும். பதிலுக்கு எல்லாத் திறமையிலும் 10 சதவீதம் குறையும், ஒவ்வொரு லெவலுக்கும் திறமைப் புள்ளி 5 குறையும். அப்படியும் லாபம்தான்.

துப்பாக்கியும் பேச்சும் கொண்டு ஆட இப்படிப் போடுங்கள்: வலிமை 6, கூர்நோக்கு 7, உடலுறுதி 4, வசீகரம் 4, அறிவு 9, சுறுசுறுப்பு 10, அதிர்ஷ்டம் 7. கூட்டிப் பார்த்தால் 47 வரும்.

காரணம் இல்லாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சுற்றில் எத்தனை காரியம் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆக்‌ஷன் பாயின்ட், சுறுசுறுப்பில் பாதியோடு 5 சேர்ந்தது. 10 போட்டால் 10 கிடைக்கும். 9 போட்டால் 9-தான், 8 போட்டாலும் அதே 9. அதனால் சுறுசுறுப்பில் ஒற்றைப்படை எண் பெரும்பாலும் வீண். அறிவு இரு மடங்காகி 5-உடன் சேர்ந்து ஒவ்வொரு லெவலுக்கும் திறமைப் புள்ளியாக வரும்: 9 அறிவுக்கு 23, கிஃப்டட் கழிவு போக 18. வலிமை 6 போதும், ஏனென்றால் பின்னால் கிடைக்கும் அட்வான்ஸ்டு பவர் ஆர்மர் தானே 4 கூட்டித் தரும். வசீகரத்தில் பாதிதான் உங்களோடு வரும் கூட்டாளிகளின் எண்ணிக்கை. 4 என்றால் இரண்டு பேர். 5 போட்டாலும் அதே இரண்டு பேர்தான்.

முதன்மையானவை என்று முத்திரை குத்தும் (டேக்) மூன்று திறமைகள்: ஸ்மால் கன்ஸ் (சிறு துப்பாக்கிகள்), ஸ்பீச் (பேச்சு), லாக்பிக் (பூட்டுத் திறத்தல்). ‘எனர்ஜி வெப்பன்ஸ்’ஸை ஆரம்பத்திலேயே முத்திரை குத்தினால் அதற்கான ஆயுதம் கிடைக்கும்வரை வெறுங்கையோடு திரிய வேண்டும். த்ரோயிங், கேம்ப்ளிங், ட்ராப்ஸ் பக்கமே போக வேண்டாம். ‘ஸ்கில்டு’ என்ற பிறவிக்குணம் ஆசை காட்டும். அதை எடுத்தால் மூன்று லெவலுக்கு ஒருமுறை கிடைக்க வேண்டிய பெர்க் என்ற சிறப்புச் சலுகை நான்கு லெவலுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். தொடாதீர்கள்.

பெர்க்குகளில் 9-ஆம் லெவலில் ‘பெட்டர் கிரிட்டிகல்ஸ்’, 15-இல் ‘போனஸ் ரேட் ஆஃப் ஃபயர்’. இரண்டாவது ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரு பாயின்ட்டைக் குறைக்கும். மற்றவை உங்கள் விருப்பம்.

துப்பாக்கி வீரனை உருவாக்கினால் ஆட்டம் கையில் ஓர் ஈட்டியைக் கொடுத்து எறும்புக் குகைக்குள் தள்ளுகிறது. ஆரம்பக் கோயிலிலேயே மூன்று முறை செத்துவிட்டேன்.

டெம்பிள் ஆஃப் ட்ரையல்ஸ். இந்த ஆட்டத்தின் மிக மோசமான அரை மணி நேரம் இதுதான். துப்பாக்கியையோ பேச்சையோ நம்பிப் புள்ளி போட்டவரை, அவை இரண்டும் அதிகம் பயன்படாத இடத்தில் சோதிப்பது வடிவமைப்புக் குறை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

எறும்பையும் தேளையும் கொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. சண்டை தொடங்கினால் ஆக்‌ஷன் பாயின்ட் எல்லாவற்றையும் நடக்கச் செலவிட்டு அடுத்த வாசலை நோக்கி ஓடுங்கள். 10 பாயின்ட் உள்ளவரைப் பெரும்பாலும் அவற்றால் எட்டிப் பிடிக்க முடியாது. சண்டை போட்டே ஆக வேண்டுமானால் ஈட்டியின் நீளத்தைப் பயன்படுத்துங்கள். அது இரண்டு கட்டம் எட்டும். குத்தி, மிஞ்சிய பாயின்ட்டில் பின்வாங்கினால் எதிரி நெருங்கவே தன் பாயின்ட்டைச் செலவிட வேண்டிவரும்.

திறக்க முடியாத கதவுக்கு வழியில் ஒரு பானையில் வெடிமருந்து இருக்கும். அதைக் கையில் எடுத்து, நேரம் குறித்து, கதவருகே கீழே போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பலர் செய்யும் தப்பு, நேரம் குறித்த பிறகு அதைக் கீழே போட மறந்து பையிலேயே வைத்திருப்பது. கடைசி அறையில் காத்திருக்கும் கேமரனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஸ்பீச் நன்றாக இருந்தால் பேசியே சம்மதிக்க வைக்கலாம். ஸ்டீல் திறமை உள்ளவர்கள் அவரிடமிருந்து சாவியை உருவிக்கொள்ளலாம். எதற்கும் உள்ளே நுழையுமுன் ஒரு சேவ்.

ஆரம்ப ஊர்களான கிளாமத்திலும் டென்னிலும் காசே இல்லை. யாரைச் சேர்ப்பது, எப்படிச் சம்பாதிப்பது?

முதலில் சுலிக். கிளாமத்தில் பக்னர் விடுதியில் கடனுக்குப் பிணையாக நிற்கிறான். 350 டாலர் கட்டினால் உங்களோடு வருவான். ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் இதைவிட நல்ல முதலீடு இல்லை. அந்த 350-க்கு வழி பல்லித் தோல். ஊருக்கு வெளியே நச்சுக் குகையில் மாட்டிக்கொண்ட ஸ்மைலி என்ற வேட்டைக்காரரைக் காப்பாற்றினால், கெக்கோ என்ற பெரிய பல்லியின் தோலை உரிக்கக் கற்றுக்கொடுப்பார். அதற்குப் பிறகு கொல்லும் ஒவ்வொரு கெக்கோவும் பணம். பொன்னிறக் கெக்கோவின் தோலுக்கு விலை கூடுதல். குகைத் தரையில் பச்சையாக மினுங்கும் திரவத்தை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் மிதித்தால் காலைச் சுட்டுப் பொசுக்கும்.

அடுத்து டென்னில் விக். அடிமை வியாபாரி மெட்ஸ்கரிடம் மாட்டியிருக்கிறார், விலை 1000 டாலர். மெட்ஸ்கர் கும்பலைச் சுட்டுத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அங்கே ஷாட்கன் ஏந்தியவர்கள் பலர். மூன்றாம் நான்காம் லெவலில் போனால் ஒரே சுற்றில் முடித்துவிடுவார்கள். காசைக் கட்டி விக்கை மீட்டுவிட்டு, லெவல் ஏறிய பிறகு திரும்பி வந்து கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு ஆசைப்பட்டு அந்த அடிமைக் கும்பலில் மட்டும் சேராதீர்கள். நெற்றியில் பச்சை குத்திவிடுவார்கள். அந்த அடையாளம் ஆட்டம் முடியும்வரை போகாது, பல ஊரில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

டென்னில் கடை வாசலில் நிற்கும் சிறுவர்கள் நீங்கள் கடக்கும்போது பையிலிருந்து எதையாவது அடித்துவிடுவார்கள். துப்பாக்கி காணாமல் போனால் பக் (மென்பொருள் பிழை) என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிறுவர்களை வைத்துத் தொழில் நடத்தும் ஃப்ளிக்கின் சரக்கில் அது இருக்கும்.

சுலிக்கிடம் சப்மெஷின் கன் கொடுத்தேன். எதிரியைவிட என்னைத்தான் அதிகம் சுடுகிறான்.

தொடர் சுடுதலில் குண்டுகள் ஒரே கோட்டில் போகாமல் விசிறிபோல் விரியும். நடுவில் நீங்கள் நின்றால் உங்கள் முதுகுதான். கூட்டாளியிடம் பேசும் திரையில் ‘காம்பேட் கன்ட்ரோல்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதில் தொடர் சுடுதலுக்கு, உங்கள்மேல் படாது என்று முழு நிச்சயம் இருந்தால்தான் சுட வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. சுலிக்குக்குச் சம்மட்டி, விக்குக்குத் தனித்தனியாகச் சுடும் ரைஃபிள் என்று பிரித்துக் கொடுப்பதே நிம்மதி. சம்மட்டிக்காரன் முன்னே ஓடுவான், ரைஃபிள்காரர் பின்னே நிற்பார், நீங்கள் நடுவில்.

வாசலில் கூட்டாளி நின்று வழியை அடைத்தால் அவர்மேல் மவுஸை அழுத்திப் பிடியுங்கள். வரும் பட்டியலில் தள்ளிவிடும் குறி இருக்கும். முதல் பாகத்தில் இந்த வசதி இல்லாமல் சொந்தக் கூட்டாளியையே சுட வேண்டி வந்தவர்கள் உண்டு.

கார் கிடைக்கும் என்கிறார்களே. எங்கே? வாங்கினால் காணாமல் போய்விடும் என்றும் கேள்விப்பட்டேன்.

இரண்டும் சரி. டென்னில் ஸ்மிட்டி என்ற மெக்கானிக்கிடம் ஹைவேமேன் கார் ஓடாமல் கிடக்கும். ஃப்யூவல் செல் கன்ட்ரோலர் என்ற பாகமும் 2000 டாலரும் வேண்டும். அந்தப் பாகம் கெக்கோ ஊரில் ஸ்கீட்டர் என்ற கூலிடம் உண்டு. பதிலுக்கு ஒரு சூப்பர் டூல் கிட் கேட்பார். எரிபொருள் ஸ்மால் எனர்ஜி செல் அல்லது மைக்ரோ ஃப்யூஷன் செல். காரின் பெரிய லாபம் வேகம் அல்ல, டிக்கி. தூக்க முடியாத சரக்கு அத்தனையும் அதில் கிடக்கும்.

காணாமல் போவதில் இரண்டு வகை. ஒன்று கதையிலேயே உள்ளது: நியூ ரீனோவில் நிறுத்தினால் திருடிவிடுவார்கள். அதே ஊரில் கார் உடைக்கும் பட்டறையில் டி-ரே என்பவனிடம் மீட்கலாம், காரை மேம்படுத்தவும் செய்யலாம். இன்னொன்று உண்மையான பக். பிழைகளைச் சரி செய்யும் பேட்ச் போடாத பழைய பதிப்பில் கார் ஓரிடத்திலும் டிக்கி வேறிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும், சில சமயம் அடியோடு மறைந்துவிடும். பேட்ச் போட்டுவிட்டால் பெரும்பாலும் தீரும். ஆனாலும் கதைக்குத் தேவையான பொருளை டிக்கியில் போடாதீர்கள், பையிலேயே இருக்கட்டும்.

விண்டோஸ் 11 லேப்டாப்பில் நிறம் மாறுகிறது, வரைபடத்தில் ஆள் பறக்கிறான். எந்த பேட்ச் போடுவது? ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட் வேண்டுமா?

வரைபடத்தில் பறப்பதற்குக் காரணம் ஆட்டத்தின் வேகம் அந்தக் காலப் பிராசசரின் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பது. நிறம் மாறுவது 256 வண்ணத் திரைக்கு எழுதிய பழைய டைரக்ட் டிரா முறையால். இரண்டையும் எஸ்ஃபால் என்ற எஞ்சின் மாற்றம் சரி செய்யும். அதோடு ஹை ரெசல்யூஷன் பேட்ச். இரண்டும் ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட் நிறுவியிலேயே சேர்ந்து வரும்.

திரை அளவை லேப்டாப்பின் முழு அளவுக்கு வைத்துவிட்டு ‘எழுத்து எறும்பு மாதிரித் தெரிகிறது’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. இது 640-க்கு 480-இல் வரைந்த ஆட்டம். 1920-க்கு 1080 திரை என்றால் ஆட்டத்தை 960-க்கு 540-இல் வைத்து, இரு மடங்கு பெரிதாக்கும் வசதியைப் போடுங்கள். படம் கூர்மையாக வரும், எழுத்தும் படிக்கலாம்.

ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட் என்பது ரசிகர்கள் செய்த இரண்டு வேலைகளின் கலவை: நூற்றுக்கணக்கான பக்குகளைத் திருத்தியது, நேரம் போதாமல் நிறுவனம் வெட்டியெறிந்த இடங்களை மீட்டுக் கட்டியது. இ.பி.ஏ. கட்டடம், மடாலயம், ஆதிவாசிக் கிராமம், அடிமை முகாம், டென்னின் குடியிருப்புப் பகுதி எல்லாம் அப்படி வந்தவை. முதல் வேலைக்குக் கை கூப்பலாம். இரண்டாவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. வெட்டியதில் சில, வெட்டப்பட வேண்டியவையே. இ.பி.ஏ. கட்டடம் நீளமாக இழுத்து, கையில் பொருளை மட்டும் அள்ளித் தருகிறது. ஆகவே முதல் முறை ஆடுகிறவர்கள் பக் திருத்தத்தை மட்டும் தரும் அன்அஃபிஷியல் பேட்சைப் போடுங்கள். இரண்டாம் முறைக்கு ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட், அல்லது வேறு ரசிகர்கள் தொடர்ந்து திருத்திவரும் அதன் புதிய வடிவம்.

எதைப் போட்டாலும் புது ஆட்டம் தொடங்குங்கள். பழைய சேவ் ஒத்துவராது. 1998-இன் அதிகாரபூர்வ பேட்சே பழைய சேவ்களைச் செல்லாக்காசாக்கியதுதான். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிறுவவும் வேண்டாம். அங்கே எழுத விண்டோஸ் அனுமதிக்காமல் சேவ் ஆகாமல் போகலாம். வேறு டிரைவில் ஒரு சின்னக் கோப்புறை போதும்.

ஃபோனில் ஆட முடியுமா?

முடியும். ‘ஃபால்அவுட் 2 கம்யூனிட்டி எடிஷன்’ என்று எஞ்சினையே திரும்ப எழுதியிருக்கிறார்கள்; ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஓடும். ஆட்டத்தின் தரவு அதில் இருக்காது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் பதிப்பிலிருந்து மாஸ்டர், கிரிட்டர், பேட்ச்000 என்ற மூன்று .dat கோப்புகளையும் டேட்டா கோப்புறையையும் ஃபோனில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். முதல் முறை திறக்கும்போது எங்கே இருக்கிறது என்று கேட்கும், காட்டினால் நகலெடுத்துக்கொள்ளும். ஒரு விரலை நகர்த்தினால் மவுஸ் குறி நகரும், ஒரு விரல் தட்டு இடது கிளிக், இரண்டு விரல் தட்டு வலது கிளிக். எஸ்ஃபாலை நம்பி ரசிகர்கள் செய்த மாற்றங்கள் (மோட்) எல்லாம் இதில் முழுமையாக ஓடாது. ஆறங்குலத் திரையில் எதிரியின் கண்ணைக் குறிவைப்பது பொறுமைக்குச் சோதனை. டேப்லட் இருந்தால் நல்லது.

அறிவை 1 வைத்து ஆடினால் வேறு ஆட்டம் என்கிறார்களே?

ஆமாம், அதுவும் இந்த ஆட்டத்தின் சிறந்த சேட்டை. அறிவு 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உங்களால் ‘ம்ம்’, ‘ஊ’ தவிர ஒன்றும் சொல்ல முடியாது. பாதி ஊர் உங்களைத் துரத்தும், மீதி இரக்கப்படும், பேசித் தீர்க்கும் வேலைகள் பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும். கிளாமத்தில் மாடு மேய்க்கும் டார் என்பவனிடம் போங்கள். சாதாரண ஆளோடு அவன் திக்கித் திணறித்தான் பேசுவான். நீங்களும் அவனைப் போலவே என்றால் இருவரும் பண்டிதர்கள் மாதிரி நீண்ட வாக்கியங்களில் உரையாடுவீர்கள்! தேவைப்படும் இடத்தில் ஒரு மென்ட்டாட்ஸ் மாத்திரை போட்டால் அறிவு 2 கூடும். 2-லோ 3-லோ இருப்பவர் அதன் தயவில் கொஞ்ச நேரம் மனிதராகப் பேசலாம். 1-இல் இருப்பவருக்கு அதுவும் போதாது. திறமைப் புள்ளி ஒரு லெவலுக்கு ஏழே கிடைக்கும் என்பதால் இதை இரண்டாம் முறைக்கு வையுங்கள்.

ஆரம்பத்திலேயே நவாரோவுக்கு ஓடி பவர் ஆர்மர் எடுப்பது ஏமாற்று வேலையா?

ஆட்டம் அனுமதிக்கிறது, ஆகவே ஏமாற்று இல்லை. கெடுத்துக்கொள்ளும் வேலை. நவாரோ எதிரி அமைப்பான என்கிளேவின் கடலோரத் தளம். வாசலிலுள்ள பெட்ரோல் பங்கில் நிற்பவரிடம் புதிதாகச் சேர வந்தவன் என்று சொல்லி உள்ளே போகலாம். சீருடை இல்லாமல் நிற்பதைப் பார்த்து சார்ஜென்ட் டோர்னன் காது கிழியத் திட்டுவார். அந்தத் திட்டுக்காகவே ஒருமுறை போகலாம். பிறகு லாக்கரில் அட்வான்ஸ்டு பவர் ஆர்மர் உங்களுக்கு.

வழியில் என்கிளேவ் ரோந்து மாட்டினால் ஒரு சுற்றில் சாம்பல். அதனால் வரைபடத்தில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு சேவ் போட்டுக்கொண்டே போவார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு ரெட்டிங், புரோக்கன் ஹில்ஸ், நியூ ரீனோ எல்லாவற்றிலும் சாதாரணத் துப்பாக்கி கொசுக்கடி. அந்த ஊர்கள் பயமுறுத்த வேண்டியவை. பயம் போனபின் அங்கே மிஞ்சுவது நடை மட்டும்தான். முதல் ஆட்டத்தில் வேண்டாம்.

கடைசி எதிரி ஃபிராங்க் ஹாரிகனைக் கொல்லவே முடியவில்லை. பேசி முடிக்கும் வழி இல்லையா?

இல்லை. முதல் பாகத்தின் வில்லன் மாஸ்டரைப் பேசியே தன் திட்டத்தைக் கைவிட வைக்கலாம். இதில் என்கிளேவின் அதிபர் ரிச்சர்ட்சனிடம் எவ்வளவு பேசினாலும் கடைசி வாசலில் 999 உயிர்ப்புள்ளியோடு ஹாரிகன் நிற்பான். பேச்சை நம்பி வளர்த்த ஆளை இப்படிச் சுவரில் முட்டவைத்தது இந்தப் பாகத்தின் பெரிய குறை.

ஆனால் தனியாக மோத வேண்டியதில்லை. அதிபரிடமிருந்து எடுக்கும் சாவி அட்டையைக் கடைசி அறைக் கணினியில் போட்டால் அங்குள்ள தானியங்கித் துப்பாக்கிகள் அவன் பக்கம் திரும்பும். அதே அறையில் சார்ஜென்ட் கிரானைட்டின் படை நிற்கும். தளம் வெடிக்கப் போகிறது, தப்ப வேண்டுமானால் இவனை முடிக்க வேண்டும் என்று ஸ்பீச் கொண்டு புரியவைத்தால் அவர்களும் சேர்ந்து சுடுவார்கள். இந்த இரண்டும் நடந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிக்கு காஸ் ரைஃபிள். அதற்கான 2 மி.மீ. தோட்டாவைச் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணைக் குறிவைத்தால் படும் வாய்ப்பு 60 சதவீதம் குறையும், ஒரு ஆக்‌ஷன் பாயின்ட் கூடுதலாகப் போகும். ஸ்மால் கன்ஸ் 150-ஐத் தாண்டியிருந்தால் அது தாங்கும். போசார் போன்ற தொடர் துப்பாக்கி அவன் கவசத்தில் பட்டுப் பட்டு வீணாகும், ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் கவசம் தனித்தனியாகக் கழிப்பதால். என்கிளேவின் கடல் தளத்துக்குக் கொண்டுபோகும் எண்ணெய்க் கப்பலில் ஏறுமுன் தனி இடத்தில் ஒரு சேவ். மொத்தம் பத்து இடம்தான் உண்டு, பத்தையும் அந்தத் தளத்துக்குள்ளேயே போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தொடரைப் பார்த்துவிட்டேன். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? ‘வேஸ்ட்லேண்ட் 2’-ஐயும் பரிந்துரைக்கிறார்கள்.

இந்த ஆட்டம் நடப்பது 2241-இல், தொடர் 2296-இல். தொடரில் பேசப்படும் நியூ கலிஃபோர்னியா ரிபப்ளிக் இங்கே வளர்ந்துவரும் அரசு. முதல் பாகத்தில் நீங்கள் காப்பாற்றிய சிறுபெண் டாண்டி இதில் அதன் முதிய அதிபர். இரண்டையும் ஆடியவர்களுக்கு அந்தச் சந்திப்பு ஒரு விருந்து.

வேஸ்ட்லேண்ட் இதன் மூதாதை. இன்டர்ப்ளே 1988-இல் செய்தது. வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் உரிமை தங்கிவிட்டதால்தான் ஃபால்அவுட் என்று புதிதாக ஒன்று பிறந்தது. ‘வேஸ்ட்லேண்ட் 2’ 2012-இல் ரசிகர்களிடம் 29 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி 2014-இல் வந்தது. நான்கு பேரை நீங்களே உருவாக்கி ஒரு படையாக ஆட வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் உதவி கேட்பார்கள். ஒன்றுக்குப் போனால் மற்றது அழியும். சண்டை ஃபால்அவுட் 2-ஐவிட நன்றாக இருக்கும், எழுத்து அந்த அளவுக்கு இல்லை. எடுத்தால் 2015-இன் டைரக்டர்ஸ் கட் பதிப்பை எடுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகும் தொடரலாமா?

தொடரலாம். முதல் பாகத்தில் இந்த வசதி கிடையாது. நியூ ரீனோவுக்குப் போய் ஃபாதர் டல்லியிடம் பேசுங்கள். இந்த ஆட்டத்தின் வழிகாட்டிப் புத்தகத்தையே உங்கள் கையில் கொடுப்பார்; படித்தால் எல்லாத் திறமையும் 300 சதவீதம். இனி அதைக் கொடுத்து என்ன பயன் என்று கேட்காதீர்கள், அவரும் அதைத்தான் கிண்டல் செய்கிறார்.